எந்தப் பெயரால் அழைக்கப்பட்டாலும்

ஜூன் 3, செவ்வாய்

வந்துவிட்டது. முப்பத்தெட்டுப் பக்கம். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூடப் பார்க்காமல் நின்றபடியே படித்து முடித்தேன்.

பெயர் நீளமானது: நிறுவன உடைமைக் குடியிருப்புகள் தகராறு தீர்வு மசோதா, வரைவு. சாரம் சிறியது. ஐம்பது வீடுகளுக்கு மேல் வைத்து வாடகைக்கு விடும் எந்தக் கம்பெனி மீதும் அங்கே வாடகைக்கு இருப்பவன் வெள்ளைத்தாளில் ஒரு புகார் எழுதிக் கொடுக்கலாம். நாற்பத்தைந்து நாளில் தீர்ப்பு. தீர்ப்பு வரும்வரை பூட்டை மாற்றக் கூடாது, தண்ணீரை நிறுத்தக் கூடாது, ஆளை வெளியேற்றக் கூடாது. வரைவின் மீது பொதுமக்கள் கருத்துச் சொல்ல இம்மாதம் இருபத்தோராம் தேதி சோழிங்கநல்லூர் சமுதாயக் கூடத்தில் கூட்டம்.

ஐம்பத்துமூன்று வயதில் ஒரு அரசாங்கத் தாளைப் படித்து நெஞ்சு படபடக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். தாழம்பூரில் 'சோலைவாசம்' என்ற இந்தப் பத்து மாடிக் கட்டடத்தில் இரண்டு ஆண்டுகளாக இருக்கிறேன். சோலை கிடையாது, வாசலில் பிளாஸ்டிக் மூங்கில் இருக்கிறது. இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகளும் ஒரே கம்பெனிக்குச் சொந்தம். இதற்கு முன் நான் வாடகைக்கு இருந்த ஏழு வீடுகளின் உரிமையாளர்களோடும் சண்டை போட்டிருக்கிறேன். ஏழு முகமும் நினைவிருக்கிறது; ஒருவரையும் மன்னிக்கவில்லை. ஆனால் அவர்களுக்கு முகம் என்று ஒன்று இருந்தது. இங்கே சண்டை போடக்கூட ஆள் கிடையாது. செல்பேசிச் செயலியில் புகாரைப் பதிய வேண்டும். அதற்கு 'டிக்கெட்' என்று பெயர். மூன்றாம் நாள் 'உங்கள் டிக்கெட் மகிழ்ச்சியுடன் மூடப்பட்டது' என்று செய்தி வரும். என் குளியலறைக் குழாய் ஒழுகிக்கொண்டேதான் இருக்கிறது. அது பதினான்கு முறை மகிழ்ச்சியுடன் மூடப்பட்டிருக்கிறது.

கடைசிப் பக்கத்தில்தான் இடித்தது. வரைவுக் குழு உறுப்பினர் மூவர். மூன்றாவது பெயர்: முனைவர் ப. பரஞ்சோதி, தமிழ் வாசகம்.

அவனேதான். சட்டக் கல்லூரியில் என் பக்கத்து இருக்கை. பிறகு நாங்கள் இருவரும் மூன்று ஆண்டு உழைத்து, ஆங்கிலச் சட்டச் சொற்களுக்குத் தமிழ் சொல்லும் ஒரு சொல்லடைவு தொகுத்தோம். 1998-இல் அச்சாகி வந்தபோது அட்டையில் அவன் பெயர் மட்டும் இருந்தது. அன்றிலிருந்து, அந்தப் புத்தகத்தில் அவன் ஆக்கி வைத்த சொல் எதையும் என் கையால் எழுதுவதில்லை. சட்டப் பத்திரிகை ஒன்றில் இருபது ஆண்டு மொழிபெயர்த்தேன். அதை மூடிய பின் வீட்டிலிருந்தே மொழிபெயர்க்கிறேன். ஒரு முறைகூட வழுக்கியதில்லை. அவன் சொல் வரும் இடத்தில் சுற்றிக்கொண்டு போய்விடுவேன்.

நல்ல மசோதா. அவன் தொட்டதால் மட்டும் கெட்டுப்போகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பால் பாத்திரத்தைத் தேய்க்க அரை மணி ஆயிற்று.

ஜூன் 4, புதன்

மசோதாவை மறுபடியும் படித்தேன். காற்புள்ளிகள்கூட ஒழுங்காக இருக்கின்றன. எரிச்சலாக இருந்தது.

ஜூன் 6, வெள்ளி

இட்லி மாவு வாங்கிக்கொண்டு லிஃப்டிலிருந்து வெளியே வருகிறேன், பக்கத்து வீட்டு எஸ்தர் ராஜகுமாரி செல்பேசியை நீட்டியபடி நிற்கிறார்.

"சார், இதைக் கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்க. கோவத்துல எனக்கு எழுத்தே தெரியல்ல."

'அன்பு விருந்தினரே! உங்கள் செக்-அவுட் ஜூன் 30, காலை 11 மணி. உங்களை உபசரித்ததில் பெருமகிழ்ச்சி!' கூடவே கைகூப்பும் படம்.

எஸ்தர் 604, நான் 605. அவர் மார்த்தாண்டத்துக்காரர். மருத்துவமனை ஆய்வகத்தில் ரத்தப் பரிசோதனை செய்பவர். பத்தாம் வகுப்பில் ஒரு மகள். கணவரைப் பற்றி நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. கேட்காமல் தெரிந்துகொண்ட அளவில், கணவர் இறந்து ஒன்பது ஆண்டு ஆகிறது.

போன மாதம் நடந்தது இது. இரவுப் பணி முடிந்து வந்து பகலில் தூங்கிக்கொண்டிருந்தார். ஏசியைச் சோதிக்க வந்த கம்பெனி ஆட்கள் இரண்டு பேர், எல்லாக் கதவுக்கும் பொதுவான எண்ணை அழுத்தி உள்ளே வந்துவிட்டார்கள். அவர் ஐந்து டிக்கெட் போட்டார். ஐந்தும் மகிழ்ச்சியுடன் மூடப்பட்டன. தலைமை அலுவலகத்துக்கே கடிதம் எழுதினார். அதற்குப் பதில்தான் இந்த செக்-அவுட்.

"எனக்க வீட்டுல நான் ஒறங்கிட்டுக் கெடக்கேன். கண்ணைத் தொறந்தா ரெண்டு ஆம்பிளையோ நிக்கானுவ. கேட்டா, 'கதவைத் தட்டினோம் மேடம்'ங்கான். தட்டினா தொறக்கதுக்கு நான்லா வரணும்?"

"தப்பு அவங்க மேல. வெளியேற வேண்டியது நீங்களா?"

"அதைத்தான் சார் நானும் கேக்கேன். பிள்ளைக்குப் பத்தாங்கிளாஸ். மாசக் கடைசியில பெட்டியத் தூக்கிட்டு எங்க போவேன்? தனியா ஒரு பொம்பளை, ராத்திரி டூட்டின்னு சொன்னதும் வீட்டுக்காரனுக்க மூஞ்சி போற போக்கைப் பாக்கணும் நீங்க."

மசோதாவைப் பற்றிச் சொன்னேன். சட்டமாகும்வரை காத்திருக்க முடியாது, இப்போதுள்ள வாடகை நீதிமன்றத்தில் மனுப் போடலாம் என்றேன். நானே எழுதித் தருவதாகவும் சொன்னேன். மாலைக்குள் நான்கு முறை திருத்தி எழுதினேன். ஒரு பக்க மனுவுக்கு அவ்வளவு தேவையில்லைதான்.

ஜூன் 9, திங்கள்

காலையில் வாடகை நீதிமன்றத்தில் கொடுத்த மனு மதியமே திரும்பி வந்துவிட்டது. 'மனுதாரர் ஒப்பந்தப்படி விருந்தினர், வாடகைதாரர் அல்லர்.' இரண்டே வரி.

எஸ்தரோடு தரைத்தளத்துக்குப் போனேன். அங்கே தர்ஷினி என்ற பெண் மேலாளர். சட்டையில் 'விருந்தோம்பல் தலைவி' என்று அட்டை குத்தியிருக்கிறது. கெட்ட பெண் இல்லை. சிரித்துக்கொண்டே இருப்பதற்குச் சம்பளம் வாங்குகிறது, அவ்வளவுதான்.

"அங்கிள், நீங்க டெனன்ட்டே கிடையாதே! நீங்கல்லாம் எங்க கெஸ்ட். அக்ரிமென்ட்ல பாருங்க, முதல் பக்கத்துலயே இருக்கு. 'விருந்தினர்'. எவ்ளோ ஸ்வீட்டான வேர்டு!"

"விருந்தாளிக்க கதவை அவ ஒறங்கச்சில தொறப்பியளோ?" என்றார் எஸ்தர்.

"அது ஹவுஸ்கீப்பிங் மேடம். ஹோட்டல்ல பண்ணுவாங்கல்ல, அது மாதிரி."

"ஹோட்டல்ல சோறு போடுவாங்க மக்களே. நீங்க என்ன போட்டிய?" இளையவர்களை அவர் 'மக்களே' என்றுதான் அழைப்பார்.

தர்ஷினி அதற்கும் சிரித்தாள். அந்த ஒப்பந்தத்தை என்னிடம் காட்டினாள். நான் வாங்கிப் பார்க்கவில்லை. அதன் தமிழ் நடை பழுதற்றது என்பதை மட்டும் இங்கே குறித்து வைக்கிறேன். நியாயமாகப் பேசினால், இந்த ஊரில் அவ்வளவு சுத்தமான ஒப்பந்தத் தமிழ் வேறெந்தக் கம்பெனியிடமும் கிடையாது.

ஜூன் 11, புதன்

கண்டுபிடித்துவிட்டேன்! விடிந்ததிலிருந்து வீட்டுக்குள் நடந்துகொண்டே இருக்கிறேன்.

மசோதாவின் இரண்டாம் பிரிவு, வரையறைகள். 'வாடகைதாரர் என்பது நிறுவன உடைமையான வீடொன்றில் குடியிருப்பவர் எவரையும் உள்ளடக்கும்; தங்கும் விடுதிகள் முதலியவற்றின் விருந்தினர் நீங்கலாக.'

விருந்தினர் நீங்கலாக! லாட்ஜில் இரண்டு நாள் தங்குபவர்களை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறான். நாங்கள் இருநூற்றுப் பன்னிரண்டு குடும்பமும் அந்த ஒற்றை வரியில் சட்டத்துக்கு வெளியே விழுகிறோம். சட்டம் வந்தாலும் எங்களுக்குக் கிடையாது. மற்றக் கம்பெனிகளும் நாளைக்கே ஒப்பந்தத்தில் ஒரு சொல்லை மாற்றிக்கொண்டு தப்பித்துவிடும். யானை போகிற அளவுக்கு ஓட்டை.

ஓட்டை போட்டவன் பரஞ்சோதி. இருபத்தேழு ஆண்டுகளில் இப்படி ஒரு காலைப்பொழுது எனக்கு வாய்த்ததில்லை. காபி இரண்டு முறை போட்டுக் குடித்தேன்.

எஸ்தரிடம் விளக்கினேன். "அப்போ இந்த ஒரு சொல்லுதான் என்னைத் தள்ளுகு, இல்லியா சார்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "இதைக் கொண்டு வச்சவன் நல்லா இருக்க மாட்டான்," என்றார்.

வெயில் அதிகமாக இருந்தது. பேச்சை மாற்றினேன்.

ஜூன் 14, சனி

தரைத்தளத்தில் மேசை போட்டுக் கையெழுத்து வாங்கினோம். நூற்று முப்பத்தொரு வீடு! நான் எழுதிய ஆட்சேபணை மனு ஒன்பது பக்கம். அதை யாரும் படிக்கவில்லை, ஆனால் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள்.

ஒன்றாம் மாடி ஜபருல்லா பாய்தான் ஆள் பிடித்துக் கொண்டுவந்தார். வாணியம்பாடியில் தோல் கிடங்கு வைத்திருந்தவர்; குரல் நான்கு மாடிக்குக் கேட்கும். "ஏம்பா, ரெண்டு வருசமா நம்மள விருந்தாளி விருந்தாளின்றானே, ஒரு நாள் கூப்ட்டு வச்சி பிரியாணி போட்டானா? ஒரு தால்ச்சா? இல்ல ஊட்டுக்குப் போம்போது வெத்தல பாக்காவது குட்த்தானா? போடுப்பா கையெழுத்த!"

"பாய், நீங்க போட்டீங்களா?"

"நான் மூணு எடத்துல போட்டுட்டேன்."

மூன்றில் இரண்டை அடித்தேன். அதற்கு அவருக்கு வருத்தம்.

மதியம் எஸ்தர் மரச்சீனிக் கிழங்கு வேகவைத்து, மீன்குழம்போடு கொண்டுவந்தார். "சார் இன்னைக்கு வேற ஆளு மாதிரி இருக்கிய," என்றார். மீசைக்கு மை போட்டிருந்ததைச் சொல்லியிருக்கலாம். பொதுக் காரியத்துக்கு முன்நிற்பவன் பார்க்க ஒழுங்காக இருக்க வேண்டும் என்பதற்காகப் போட்டது.

ஜூன் 17, செவ்வாய்

பரஞ்சோதி தொலைபேசியில் கூப்பிட்டான்.

"சிதம்பரநாதன் தானே? உன் மனுவைப் பார்த்தேன்டா. பேரைப் பார்க்குறதுக்கு முன்னாடியே மூணாவது வரியில தெரிஞ்சுபோச்சு. இவ்வளவு கோபமா அரைப்புள்ளி வைக்கிற ஆள் தமிழ்நாட்டுல ஒருத்தன்தான்."

"ஓட்டை இருக்கிறதா, இல்லையா?"

"இருக்கு. ஒத்துக்குறேன். அடைக்கணும். ஆனா உங்க கம்பெனி குழுவுக்கு ஒரு பதில் போட்டிருக்கு. விருந்தினர்ங்கிறதுதான் தொடக்கத்திலிருந்தே எங்க ஏற்பாடு, ஆங்கில மூலத்திலேயே அப்படித்தான்னு. ஆனா மூலத்தைக் காட்ட மாட்டேங்கிறான். ஒப்பந்தத்தோட முப்பத்தோராம் பிரிவுல, தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் முரண் வந்தா ஆங்கிலமே செல்லும்னு இருக்கு. அந்த மூலத்துல வேற சொல் இருந்தா உன் மனுவுல வர்ற அந்த 604 அம்மாவை இன்னைக்குத் தேதிக்கே காப்பாத்திடலாம். புது சட்டம்கூட வேண்டாம். யார்கிட்டயாவது கிடைக்குமா?"

தெரியாது என்றேன்.

"சரி. அப்புறம், சொல்லடைவு விஷயம்…"

"அதைப் பேசாதே."

"நான் எங்கடா உன் பேரை எடுத்தேன்? 'ரிட்'டுக்கு 'நீதிப் பேராணை'ங்கிற ஒரு சொல்லுக்குச் சண்டை போட்டு, என் பேர் வேண்டாம்னு பதிப்பகத்துக்குக் கடிதம் எழுதினது நீ. ரெண்டாம் பதிப்புக்கு உன் சம்மதம் கேட்டு மூணு தடவை எழுதினேன். பதிலே இல்லை."

வைத்துவிட்டேன். கோபத்தில் எழுதிய கடிதத்தை ஒருவன் அப்படியே எடுத்துக்கொள்வானா? அந்த மூன்று கடிதங்கள் எனக்கு வரவே இல்லை. வந்த உறைகளை நான் பிரிக்கவில்லை. அது வேறு விஷயம்.

ஜூன் 18, புதன்

இதை எங்காவது எழுதித்தான் ஆக வேண்டும்.

அந்த ஒப்பந்தத்தைத் தமிழில் எழுதியது நான்.

இரண்டரை ஆண்டுக்கு முன் ஒரு மொழிபெயர்ப்பு முகமை வழியாக வந்த வேலை. அப்போதுதான் இந்தக் கட்டடத்தைப் பற்றியே தெரிந்தது. பிறகு இங்கே குடிவந்தேன். ஆங்கில மூலத்தில் 'ஆக்குபையர்' என்றுதான் இருந்தது. அதற்குத் தமிழ் 'குடியிருப்பவர்'. அது பரஞ்சோதியின் சொல்லடைவில் இருக்கும் சொல். நான் எழுத மாட்டேன். அரை நாள் யோசித்து 'விருந்தினர்' என்று போட்டேன். கம்பெனிக்கு ஒரு மரியாதையான சொல்லைக் கொடுத்த திருப்தி வேறு.

அவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். யாரோ ஒரு வழக்கறிஞருக்கு அந்தச் சொல்லைப் பார்த்துக் கண் விரிந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் செக்-அவுட், விருந்தோம்பல் தலைவி எல்லாம் வந்தன. ஒரு கட்டடம் முழுக்க என் ஒரு சொல்லின் மேல் கட்டிவிட்டார்கள்.

ஆங்கில மூலம் என் மின்னஞ்சலில் இருக்கிறது, தேதியோடு. இன்று இரண்டு முறை திறந்து பார்த்து மூடினேன்.

ஜூன் 20, வெள்ளி

எஸ்தர் வீட்டு வாசலில் அட்டைப்பெட்டிகள். மகளின் பாடப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். "எதுக்கும் கட்டி வைக்கேன் சார்," என்றார். கயிறு இருக்கிறதா என்று கேட்டார். கொடுத்தேன்.

ஜூன் 21, சனி

எங்கே தொடங்குவது!

கூடம் நிறைந்து வெளியிலும் ஆட்கள். எங்கள் கட்டடத்திலிருந்து மட்டும் இரண்டு வேன். மேடையில் மூவர்: நடுவில் தலைவர், ஓய்வுபெற்ற நீதிபதி, வெள்ளைப் புடவை கட்டிய அம்மையார். ஓரத்தில் பரஞ்சோதி. முடி முழுக்கப் போய்விட்டது. எனக்கு அப்படியே இருக்கிறது.

கம்பெனி வழக்கறிஞர் முதலில் பேசினார். நல்ல சூட்டு. "மேடம், இது ஹாஸ்பிடாலிட்டி பிசினஸ். எங்க கெஸ்ட்டுகளே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த டாக்குமென்ட் இது. ஒவ்வொரு பக்கத்துலயும் 'விருந்தினர்'. நாங்களா திணிச்சோம்?"

"ஆங்கில மூலம் இருக்கா?" தலைவர் கேட்டார்.

"அதுலயும் இதேதான் மேடம். ஹெட் ஆபீஸ்ல இருக்கு."

எஸ்தர் எழுந்து தன் கதை முழுவதையும் சொன்னார். குரல் நடுங்கவில்லை. "எனக்க பிள்ளைகிட்ட, நம்ம வீடுன்னு சொல்லித்தான் இங்க கூட்டிட்டு வந்தேன். ரெண்டு வருசம் கழிச்சு நீ இங்க விருந்தாளின்னு அதுகிட்ட எப்பிடிச் சொல்லுவேன்?" என்று கேட்டு உட்கார்ந்தார்.

என் முறை வந்தது. ஒன்பது பக்கத்தைக் கொண்டுபோயிருந்தேன். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

"என் பெயர் சிதம்பரநாதன். சோலைவாசம், 605. அந்தத் தமிழ் ஒப்பந்தத்தை எழுதியவன் நான்."

"அடப் பாவி மனுசா!" ஜபருல்லா பாய். ஒலிபெருக்கி இல்லாமலேயே தெருவரைக்கும் கேட்டிருக்கும்.

வழக்கறிஞர் சிரித்தார். "பாருங்க மேடம், அவரே சொல்றார்!"

"மூலம் என்னிடம் இருக்கிறது," என்றேன். "எனக்கு வந்த மின்னஞ்சலோடு அச்செடுத்துக் கொண்டுவந்திருக்கிறேன். 'கெஸ்ட்' என்ற சொல் அதில் ஒரு இடத்திலும் கிடையாது. 'ஆக்குபையர்' என்று இருக்கிறது, நாற்பத்தாறு இடத்தில். அதற்குச் சரியான தமிழ்…"

தண்ணீர் கேட்டேன். கொடுத்தார்கள். குடித்தேன்.

"குடியிருப்பவர்."

வழக்கறிஞரின் சிரிப்பு நின்றது. தாள்கள் மேடைக்குப் போயின. தலைவர் கண்ணாடியை மாற்றிக்கொண்டு படித்தார். பிறகு என்னைப் பார்த்தார். "சரியான சொல் தெரிஞ்சிருக்கு. அப்புறம் ஏன் வேற சொல்லைப் போட்டீங்க?"

பொய் ஒன்று தயாராக இருந்தது. சொல்ல வரவில்லை. "அந்தச் சொல்லை ஆக்கியவர் மேல் எனக்கு இருபத்தேழு ஆண்டாகக் கோபம்."

"யார் அவர்?"

மேடையின் ஓரத்தைக் கை காட்டினேன். கூடமே சிரித்தது. கதவோரம் நின்ற போலீஸ்காரரும் சிரித்தார்.

பரஞ்சோதி மட்டும் சிரிக்கவில்லை. ஒலிவாங்கியை இழுத்தான். "மேடம், அந்தச் சொல் என்னுடையது இல்லை. சொல்லடைவுல 'கு' வரிசை முழுக்க இவர் செய்தது. 'குடியிருப்பவர்' இவர் ஆக்கின சொல். இவர் கையெழுத்துல அந்த அட்டை இன்னும் என்கிட்ட இருக்கு." பிறகு, ஒலிவாங்கி அணையவில்லை என்பதை மறந்து, "மடையா," என்றான்.

மதிய இடைவேளையில் வழக்கறிஞர் படிக்கட்டில் நின்று அரை மணி தொலைபேசியில் பேசினார். திரும்பி வந்து, எழுத்து மூலமாகவே கொடுத்தார்: வாடகை நீதிமன்றம் முடிவு சொல்லும்வரை 604-இன் செக்-அவுட் நிறுத்தி வைக்கப்படும். கூடம் அதிர்ந்தது! ஜபருல்லா பாய் என்னைத் தூக்கியே விட்டார். இரண்டு வேன் ஆட்களும் ஒரே குரலாகக் கத்தினார்கள்.

எஸ்தர் கைதட்டவில்லை. திரும்பும்போது அவர் முதல் வேனில் ஏறினார். நான் இரண்டாவது வேனில் வந்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

சொல்லடைவு என்னிடம் இல்லை என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன். இருக்கிறது. எடுத்து 'கு' வரிசையைப் பார்த்தேன். நூற்றெட்டுச் சொற்கள். நல்ல சொற்கள். இருபத்தேழு ஆண்டு இவற்றையெல்லாம் சுற்றிக்கொண்டு போயிருக்கிறேன்.

604-இல் கதவு சாத்தியே இருந்தது.

ஜூன் 25, புதன்

பரஞ்சோதியோடு ஒரு மணி நேரம் தொலைபேசியில். எல்லாம் ஒரே ஒரு தொடருக்காக. இனி எந்தக் கம்பெனியும் சொல்லை மாற்றித் தப்பிக்க முடியாதபடி வரையறையில் ஒன்று சேர்க்க வேண்டும்.

"'எப்பெயர் கொண்டு வழங்கப்படினும்'. இதுதான் சட்ட நடை," என்றான்.

"கல்வெட்டா வெட்டுகிறாய்? எஸ்தருக்குப் புரிய வேண்டும்."

"எஸ்தர் யாரு?"

"604."

"ஓ, 604," என்றான். அந்த 'ஓ'வை அவ்வளவு நீட்டத் தேவையில்லை.

கடைசியில் என்னுடையது நின்றது: 'எந்தப் பெயரால் அழைக்கப்பட்டாலும்'. ஆனால் 'நீங்கலாக' விதியை அவன் எழுதுவான், நான் தொடக் கூடாது என்று ஒப்பந்தம். அதில் ஒரு ஒற்று மிகுகிறது. விட்டுக்கொடுத்தேன். எழுதி வைத்திருக்கிறேன், மறக்க மாட்டேன்.

ஜூன் 28, சனி

ஆங்கில மூலத்தை இணைத்து, பாய் மூலம் எஸ்தரிடம் கையெழுத்து வாங்கி மறுபடி போட்ட மனுவை வாடகை நீதிமன்றம் நேற்று எடுத்துக்கொண்டது! இடைக்கால உத்தரவும் கொடுத்துவிட்டது. வழக்கு முடியும்வரை எஸ்தரை வெளியேற்றக் கூடாது. அனுமதி இல்லாமல் கதவைத் திறக்கவும் கூடாது. உத்தரவு நகலைக் கொடுக்கப் போனேன். ஒரு வாரத்துக்குப் பின் கதவு திறந்தது.

வாங்கிப் படித்தார். மடித்தார்.

"அன்னைக்கு நான் சொன்னேன்லா சார், அந்தச் சொல்லை வச்சவன் நல்லா இருக்க மாட்டான்னு. நீங்க நின்னு கேட்டுட்டுத்தான் இருந்திய."

"ஆமாம்."

"எனக்க பெட்டியக் கட்டக் கயிறும் தந்திய."

"வேண்டும் என்று செய்யவில்லை," என்றேன்.

"வேணும்னு இல்லாம ஒரு மனுசன் இருவத்தேழு வருசம் கோவப்பட மாட்டான் சார். உங்களுக்கு ஒருத்தன் மேல கோவம். அதுக்கு எனக்க பிள்ளை தெருவுல நிக்கணுமா?"

நிறைய கேட்டார். எல்லாமே நியாயம். பாதியில், "சார்னு கூப்பிட்டுட்டு இதுக்கு மேல எப்பிடி ஏசுகதுன்னு தெரியல்ல," என்று கதவைச் சாத்திவிட்டார்.

ஜூன் 30, திங்கள்

காலை பத்தே முக்காலிலிருந்தே ஆறாம் மாடி நடைபாதையில் கூட்டம். யாரும் யாரையும் கூப்பிடவில்லை, தாமாக வந்தார்கள். ஜபருல்லா பாய் தேநீர் கொண்டுவந்தார். நானும் நின்றேன், கடைசியில், சுவரோரமாக.

உத்தரவு இருந்தாலும் பூட்டு கம்பெனியின் கையில். பெங்களூர் தலைமை அலுவலகத்தில் யாரோ ஒரு பொத்தானைத் தட்டினால் கதவு திறக்காது. அதுதான் பயம்.

எஸ்தர் வேண்டுமென்றே வெளியே வந்து கதவைச் சாத்திக்கொண்டார். பதினொன்று அடித்தது. பதினொன்று ஐந்து வரை காத்திருந்தார். பிறகு தன் எண்ணை அழுத்தினார்.

பச்சை விளக்கு!

என்ன சத்தம்! தர்ஷினி ஓடிவந்து என்ன ஆயிற்று என்று கேட்டாள். "ஒண்ணும் ஆகல மக்களே, எனக்க வீட்டுக்குள்ள நான் போறேன்," என்றார் எஸ்தர். அந்தப் பெண் இந்த முறை உண்மையாகவே சிரித்தாள் என்று நினைக்கிறேன். பாய் அவளுக்கும் ஒரு தேநீர் கொடுத்தார்.

ஜூலை 4, வெள்ளி

மசோதா பேரவையில் வைக்கப்பட்டது. இரண்டாம் பிரிவு: 'ஒப்பந்தத்தில் எந்தப் பெயரால் அழைக்கப்பட்டாலும், நிறுவன உடைமையான வீட்டில் குடியிருப்பவர் எவரும் இச்சட்டத்தின்கீழ் வாடகைதாரரே.' அச்சில் பார்த்தேன். நின்று, உட்கார்ந்து, ஜன்னலோரம் வைத்து, சத்தமாக ஒரு முறை. என் பெயர் எங்கும் இல்லை. இந்த முறை அது என்னை உறுத்தவில்லை. கொஞ்சம் உறுத்தியது.

மாலையில் கதவு தட்டும் சத்தம். எஸ்தர். கையில் ஒரு நோட்டு.

"குடியிருப்போர் சங்கம் தொடங்குதோம். பாய் தலைவர். எழுத்து வேலைக்கு ஆள் வேணும். எல்லாரும் உங்க பேரைச் சொன்னாங்க. நான் வேண்டாம்னேன். பொறவு யோசிச்சேன். தப்பை அவ்வளவு பேருக்கு முன்னால எழும்பி நின்னு சொன்ன ஆளு இந்தக் கட்டடத்துல வேற யாரும் இல்ல."

உட்காரச் சொன்னேன். சட்டையைச் சரிசெய்துகொண்டேன்.

"ஆனா ஒண்ணு," என்றார். "இனி சார்னு கூப்பிட எனக்கு வாய் வரல்ல. அன்னைக்கு ஏசவும் முடியாம, விடவும் முடியாம ஒரு வாரம் ஒறக்கம் இல்ல. கூடப்பொறந்தவன்னா ஏசிட்டு, அடுத்த நாள் கொழம்பு குடுத்து விடலாம். எனக்கு மூத்ததா ஆரும் இல்ல." நோட்டை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "அண்ணன்னு கூப்பிடட்டா?"

முப்பது ஆண்டு மொழிபெயர்ப்பு அனுபவம் உள்ளவன் என்ற முறையில் பதிவு செய்கிறேன்: அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் எதுவும் கிடையாது. எந்த அகராதியிலும் கிடையாது.

கூப்பிடலாம் என்றேன்.

"அப்போ எழுதுங்கண்ணே," என்று நோட்டை மேசையில் வைத்தார். முதல் பக்கத்தில் சங்கத்தின் பெயரையும் உறுப்பினர் யார் என்ற விதியையும் அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். இரண்டு இடத்தில் திருத்தினேன். ஒரு இடத்தில் அவர் என்னைத் திருத்தினார். அவர் சொன்னதுதான் சரி.

அவர் போன பிறகு சிறிது நேரம் எழுந்திருக்கத் தோன்றவில்லை. நாளை காலை பத்து மணிக்கு முதல் கூட்டம். இருநூறு பேர் வருவார்கள். பாய் ஐம்பது நாற்காலிக்குத்தான் சொல்லியிருக்கிறாராம். காலையில் முதல் வேலையாக அவரோடு சண்டை போட வேண்டும்.